‘டிஸ்க் தெரியவில்லை’ என்றால் எங்கே தெரியவில்லை?

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒரு வட்டைச் செருகிவிட்டு ‘டிஸ்க் தெரியவில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே தெரியவில்லை என்பதுதான். கோப்பு உலாவியில் தெரியவில்லையா, வட்டுகளின் பட்டியலிலேயே இல்லையா, அல்லது இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் ஒரு வரிகூட வரவில்லையா? மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது, சில வேளைகளில் கேடும் செய்யும். மின்சாரம், இணைப்பு, வட்டின் அடையாளம், வட்டைப் பங்கிட்ட பகிர்வுகள், அவற்றில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமை என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குகளில் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பது சொன்னதை அப்படியே நம்பித்தான் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே எந்த அடுக்கில் பேச்சு நின்றது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைப்பது, நல்ல நிலையில் இருக்கும் தரவையும் இழப்பதற்கான வழி. லினக்ஸை வைத்து இதை எழுதுகிறேன். நான் அன்றாடம் வேலை செய்வது அதில்தான் என்பதோடு, ஒவ்வொரு அடுக்கும் தன் பேச்சை அங்கே வெளிப்படையாக எழுதி வைக்கிறது. கீழ் அடுக்குகளோ எந்த இயங்குதளத்துக்கும் ஒன்றுதான்.

ஐடிஇ என்ற பழைய வட்டு இணைப்பின் காலத்து 40 முனை கேபிளும் 4 முனை மின் இணைப்பியும் கணினி அணைந்திருக்கும்போது மட்டுமே தொடவேண்டியவையாக இருந்தன. எந்த முனை முதலில் தொடும் என்பதற்கு அவற்றில் ஓர் ஒழுங்கும் கிடையாது. தரைமுனை சேர்வதற்கு முன்பே வேறொரு முனையில் மின்னழுத்தம் ஏறிவிட்டால் சில்லு கெட்டுப்போகலாம். அந்த ஒழுங்கை யுஎஸ்பி செருகியில் கண்ணாலேயே பார்க்கலாம். ஏ வகைச் செருகியின் உள்ளே இருக்கும் நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் நடுவில் உள்ள இரண்டைவிட வாய்ப்பக்கம் சற்று நீண்டிருக்கும். ஓரத்தவை மின்சாரமும் தரையும், நடுவில் உள்ளவை தரவு. செருகும்போது மின்சாரம் முந்திச் சேரும், கழற்றும்போது பிந்திப் பிரியும். ஐடிஇக்குப் பின் வந்த வட்டு இணைப்பான சாட்டா இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. அதன் 15 முனை மின் இணைப்பியில் இரண்டு தரைமுனைகள் முதலில் தொடுகின்றன. அடுத்து மீதித் தரைமுனைகளோடு, மின்சாரத்தை அளவாக உள்ளே விடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முனைகள் சேர்கின்றன. கடைசியாகத்தான் முழு மின்சாரத்துக்கான முனைகள். வெறுமையாக இருக்கும் மின்தேக்கிகள் ஒரே கணத்தில் மின்சாரத்தை உறிஞ்சி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வட்டுகளின் மின்னழுத்தத்தைச் சரித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த மூன்று படிகள். சர்வர் பெட்டிகளில் வட்டை நேரே தள்ளிச் செருகும் இடங்களில்தான் இந்த ஏற்பாட்டின் முழுப் பலனும் கிடைக்கிறது.

மின்சாரத்தோடு நின்றுபோகும் கோளாறுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். யுஎஸ்பி 2.0 சாதனம் ஒன்று, கணினி அனுமதி கொடுக்கும் வரை 100 மில்லியாம்பியரும், கொடுத்த பிறகு 500 மில்லியாம்பியரும் எடுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி 3.0-இல் இவை 150, 900. ஆனால் 2.5 அங்குல வன்தட்டுகள் பல, தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 500-ஐத் தாண்டிவிடும். போர்ட் அதைக் கொடுக்க முடியாதபோது வட்டு சுழல முயன்று, மின்னழுத்தம் சரிந்து, இணைப்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பதிவில் ‘புதிய சாதனம்’, ‘துண்டிக்கப்பட்டது’ என்ற இரு வரிகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கருவியைத் தேடவேண்டியதில்லை. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். சாட்டாவிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் மூன்றாவது மின்முனை முன்பு 3.3 வோல்ட் கொடுப்பதற்கென்று இருந்தது, சாட்டா 3.3 விதிமுறையில் அதே முனை வட்டை அணைத்து வைக்கும் சமிக்ஞையாக மாறியது. புதிய விதிப்படி அமைந்த சர்வர் வட்டு ஒன்றை, 3.3 வோல்ட் கொடுக்கும் பழைய மின்வழங்கியில் மாட்டினால் அது சுழலவே சுழலாது. வட்டு செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும், 3.3 வோல்ட் கம்பி இல்லாத இணைப்பியில் மாட்டினால் உடனே ஓடும்.

மின்சாரம் சேர்ந்த பிறகு, ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? யுஎஸ்பி 2.0-இல் அதற்கான விடை ஒரே ஒரு மின்தடைதான். கணினியின் பக்கம் இரண்டு தரவுக் கம்பிகளும் 15 கிலோ ஓம் மின்தடைகளால் தரையை நோக்கி இழுக்கப்பட்டுத் தாழ்ந்து கிடக்கின்றன. சாதனம் தன் 1.5 கிலோ ஓம் மின்தடையால் அவற்றில் ஒன்றை உயர்த்துகிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதிலிருந்தே அதன் வேகம் எந்த வகை என்பதும் முதற்கட்டமாகத் தெரிந்துவிடுகிறது. செருகும்போது தகடுகள் உரசி, தொட்டு விட்டுத் தொடும் என்பதால், இணைப்பு 100 மில்லிநொடி அசையாமல் நிற்கும் வரை கணினி காத்திருக்கிறது. பிறகு சாதனத்தை மீட்டமைத்து, பூஜ்யம் என்ற பொது முகவரியில் அதனோடு பேசி, 1 முதல் 127 வரையில் தனி முகவரி ஒன்றைக் கொடுக்கிறது. நீ யார் என்று கேட்டால் சாதனம் தன் வகை எண்ணைச் சொல்கிறது. சேமிப்புச் சாதனத்துக்கு அந்த எண் 8. அதன் பிறகுதான் வட்டு என்ற பேச்சே தொடங்குகிறது. உன் பெயரும் மாதிரியும் என்ன, உன் கொள்ளளவு எவ்வளவு என்று, வட்டுகளோடு பேசுவதற்கான கட்டளைத் தொகுப்பான ஸ்கஸி மொழியில் கேள்விகள் போகின்றன. பென் டிரைவ் ஆனாலும் அது பேசுவது ஸ்கஸி மொழிதான் என்பதால்தான் லினக்ஸில் அதற்கும் ‘எஸ்டி’ என்று தொடங்கும் பெயர் கிடைக்கிறது.

சாட்டாவில் நடப்பது இன்னும் அழகானது. அதைப் பதிவின் ஒரே ஒரு வரியில் படித்துவிடலாம். முனையத்தில், கர்னலின் பதிவைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) கட்டளையைத் தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டு, வட்டைப் பெட்டிக்குள் தள்ளுங்கள். சில நொடிகளில், இணைப்பு 6.0 ஜிகாபிட் வேகத்தில் எழுந்தது என்று ஒரு வரி வரும். அதன் அடைப்புக்குறிக்குள் ‘எஸ்-ஸ்டேட்டஸ் 133’ என்று இருக்கும். பெரும்பாலோர் கண் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் அந்த வரியிலேயே அதிகம் பேசுவது அதுதான். வலக்கடைசியில் உள்ள 3, வட்டு இருப்பது தெரிந்தது, அதனோடு பேச்சும் கூடிவிட்டது என்று சொல்கிறது. நடுவில் உள்ள 3, மூன்றாம் தலைமுறை வேகம். முதலில் உள்ள 1, இணைப்பு உறக்கத்தில் இல்லாமல் விழித்திருக்கிறது என்பது. புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி ஒன்றில் 133-க்குப் பதிலாக 123 என்றோ 113 என்றோ வந்தால், அது 3.0 அல்லது 1.5 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. பழைய போர்ட்டில் மாட்டியிருக்கலாம், அல்லது கேபிள் சரியில்லாததால் பிழைகள் பெருகி, கர்னலே வேகத்தைக் குறைத்திருக்கலாம். எண் வெறும் 1 என்று நின்றால், அங்கே ஒரு வட்டு இருப்பது தெரிகிறது, ஆனால் பேச்சு கூடவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் அந்தப் போர்ட்டின் மறுமுனையில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. கேபிளைச் சந்தேகிப்பதா, வட்டைச் சந்தேகிப்பதா, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்பைச் சந்தேகிப்பதா என்பதை இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்கிறேன்.

பதிவில் ஒரு வரியும் வராமல் போவதற்கு வட்டு காரணமாக இல்லாத வேளைகளும் உண்டு. பல தாய்ப்பலகைகளின் பயாஸில், ஓடும்போது செருகும் வசதியை ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் தனித்தனியாக இயக்கவேண்டியிருக்கிறது. சாட்டா பழைய ஐடிஇ முறையில் ஓடும்படி அமைந்திருந்தால், கணினி தொடங்கிய பிறகு வரும் வட்டை அது கவனிப்பதில்லை. இன்னொன்று மின்சேமிப்பு. இணைப்பை உறங்கவைத்து எழுப்பும் கொள்கை இயங்கும்போது, இணைப்பு விழுவதும் எழுவதும் அன்றாட நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஆகவே அத்தகைய மாற்றங்களைக் கர்னலுக்கு அறிவிக்கும் குறுக்கீட்டுச் சமிக்ஞையை (இன்டரப்ட்) சாட்டாவுக்கான டிரைவர் நிரல் அணைத்துவிடுகிறது, புதிய வட்டு வந்ததும் தெரியாமல் போகிறது. அந்தப் போர்ட்டின் கொள்கையை அதிகபட்சச் செயல்திறனுக்கு மாற்றினால் கவனிப்பு திரும்பிவிடும். காத்திருக்க மனமில்லையென்றால், கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில், அந்தப் போர்ட்டைக் குறிக்கும் ஸ்கஸி ஹோஸ்ட்டுக்குரிய ‘ஸ்கேன்’ என்ற கோப்பில் இடைவெளி விட்டு மூன்று சிறுகோடுகளை எழுதினால் போதும். எல்லாத் தடங்கள், எல்லா இலக்குகள், எல்லா அலகுகள் என்று அந்த மூன்று கோடுகளுக்கும் பொருள். கணினியை மறுதொடக்கம் செய்துதான் புது வட்டைப் பார்க்கவேண்டும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரை அதற்காக நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மெய்நிகர்க் கணினியில் வட்டின் அளவைக் கூட்டிய பிறகும் இதே கதைதான். அந்த வட்டுக்குரிய ‘ரீஸ்கேன்’ கோப்பில் 1 என்று எழுதினால் புதிய அளவு தெரிந்துவிடும்.

என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வட்டுகள் சாட்டாவில் அல்லாமல், தாய்ப்பலகையின் விரிவாக்கப் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் இருப்பவை. அவற்றுள் யு.2 வடிவில் வருபவை ஓடும்போது மாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. தாய்ப்பலகையில் திருகாணி போட்டு இறுக்கும் எம்.2 வட்டுகள் அப்படியல்ல. எம்.2-ஐ மின்சாரம் ஓடும்போது கழற்றவோ மாட்டவோ வேண்டாம். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

வட்டு தெரிந்தது, ஆனால் தவறாகத் தெரிந்தது என்பது ஒரு தனி வகை. ஆபத்தில் இதுதான் முதலிடம். பழைய யுஎஸ்பி வட்டுப்பெட்டிகள் சில, வட்டின் மிகச் சிறிய துண்டுகளான பிரிவுகளின் (செக்டர்) எண்ணிக்கையை 32 பிட்டுக்குள் மட்டுமே எண்ணத் தெரிந்தவை. ஒரு பிரிவு 512 பைட் என்றால் அவற்றின் கணக்கு சுமார் 2.2 டெராபைட்டோடு முடிந்து, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். அத்தகைய பெட்டியில் 3 டெராபைட் வட்டைப் போட்டால் அது ஏறக்குறைய 801 ஜிகாபைட் வட்டாகத் தெரியும். இன்னும் சில பெட்டிகள், இந்த எல்லையைத் தாண்டுவதற்காக, 512 பைட் பிரிவுகளை 4096 பைட்டாகத் தொகுத்துக் கணினிக்குக் காட்டுகின்றன. அந்தப் பெட்டியில் இருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும். வட்டைக் கழற்றி நேரே சாட்டாவில் மாட்டினால், பகிர்வு அட்டவணையில் எழுதியிருக்கும் எண்கள் எட்டில் ஒரு பங்கு தூரத்தில் போய் விழும். பகிர்வுகள் ஒன்றும் இருக்காது, ‘வட்டு வெறுமையாக இருக்கிறது, வடிவமைக்கவா?’ என்று இயங்குதளம் பணிவோடு கேட்கும். ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். தரவு ஒரு பைட்கூடக் குறையாமல் அங்கேயே இருக்கிறது. பழைய பெட்டியிலேயே திரும்பப் போட்டால் அப்படியே வரும். ஆகவே புதிதாக ஒரு வட்டைச் செருகியதும் பெயரைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை காட்டும் அளவு, வட்டின் மேல் அச்சிட்ட அளவோடு பொருந்தவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘எஸ்டிபி’, ‘எஸ்டிசி’ என்ற பெயர்கள் வந்த வரிசையில் கொடுக்கப்படுபவை. வட்டுக்குச் சொந்தமானவை அல்ல. இன்று ‘எஸ்டிபி’யாக இருந்தது மறுதொடக்கத்துக்குப் பிறகு ‘எஸ்டிஏ’ ஆகலாம். 2003-ஆம் ஆண்டு கிரெக் குரோவா-ஹார்ட்மன் அறிமுகப்படுத்திய யூடெவ் என்ற நிரல் இந்தக் குழப்பத்துக்கு நல்ல தீர்வைத் தந்தது. ஒரு சாதனம் வந்ததும் கர்னல் செய்தி அனுப்புகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யூடெவ், வட்டின் வரிசை எண், கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யுயுஐடி, எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பனவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான பெயரை உருவாக்குகிறது. அழிக்கும் வேலை எதையும், எழுத்துப் பெயரை நம்பிச் செய்யாமல், வரிசை எண் அடங்கிய அந்த நீண்ட பெயரை வைத்தே செய்கிறேன். நீளமாகத் தட்டவேண்டியிருப்பது தொல்லைதான். ஆனால் அதைத் தட்டும்போது, வட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு கண் ஒருமுறை ஒப்பிட்டுவிடுகிறது. யுஎஸ்பி பெட்டிகளில் இதையும் எச்சரிக்கையோடுதான் கொள்ளவேண்டும். சில பெட்டிகள் உள்ளே இருக்கும் வட்டின் எண்ணைச் சொல்லாமல் தங்கள் எண்ணையே சொல்லும்.

யுயுஐடியும் எல்லா நேரத்திலும் தனித்தது அல்ல. ஒரு வட்டை அப்படியே நகலெடுத்தால் யுயுஐடியும் சேர்ந்து நகலாகிறது. மூலத்தையும் நகலையும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் செருகினால், எது எது என்று கணினிக்குப் பிரித்தறிய வழியில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இரண்டாவதை மவுன்ட் செய்ய, அதாவது கோப்புகளைத் திறக்கத்தக்கபடி கணினியில் ஏற்ற, மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்கு நன்மை. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை யுயுஐடியை வைத்தே தன் வட்டுகளை அடையாளம் காண்பது என்பதால், அதில் இந்தக் குழப்பம் தரவுச் சேதத்தில் போய் முடியலாம். நகல் முடிந்ததும் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

கெட்டுப்போன வட்டிலிருந்து தரவை மீட்க நினைப்பவர்கள் தானியங்கி மவுன்ட்டை முதலில் அணைக்கவேண்டும். செருகியதும் கோப்புகளைத் திறந்து காட்டும் மேசைச்சூழல், அன்றாடப் பயன்பாட்டில் வசதியானது. இங்கே அது எதிரி. படிக்க மட்டும் என்ற தேர்வோடு மவுன்ட் செய்தால் வட்டில் எதுவும் எழுதப்படாது என்று பலர் நினைக்கிறார்கள். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை அப்படி நடந்துகொள்வதில்லை. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடான ஜர்னலில் முடியாமல் கிடக்கும் வேலை இருந்தால், படிக்க மட்டும் என்று சொன்னாலும் அதை முடித்து எழுதிவிட்டுத்தான் மவுன்ட் ஆகும். அதைத் தடுக்க ஜர்னலை ஏற்றாதே என்று தனியாகச் சொல்லவேண்டும். அதற்கும் மேலாக, ‘ப்ளாக்டெவ்’ கட்டளையால் வட்டையே படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம்.

செருகுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் கழற்றுவதில் காட்டும் அலட்சியம் எனக்குப் பிடிபடுவதே இல்லை. செருகும்போது பேச்சு கீழிருந்து மேலே வளர்ந்தது; கழற்றும்போது மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரவேண்டும். கோப்பை நகலெடுக்கும் பெட்டி 100 விழுக்காடு என்று காட்டி மறைந்துவிட்டது என்றால், கோப்பு கணினியின் நினைவகத்துக்குப் போய்விட்டது என்றுதான் பொருள். லினக்ஸின் இயல்பான அமைப்பில், எழுதும் பணியாளன் 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்புகிறான். நினைவகம் தாராளமாக இருந்து பென் டிரைவ் மெதுவாக இருந்தால், பெட்டி மறைந்த பிறகும் நூற்றுக்கணக்கான மெகாபைட் இன்னும் வழியில் இருக்கலாம். சிஸ் போலவே கர்னல் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையில் ‘மெமின்ஃபோ’ கோப்பின் ‘டர்ட்டி’ என்ற வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள், அந்த எண் மெல்ல மெல்லக் குறைந்துவருவது கண்ணுக்கே தெரியும். மவுன்ட்டைக் கழற்றும் கட்டளை நெடுநேரம் திரும்பாமல் நிற்பது இதனால்தான். அது தொங்கிப்போகவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10, 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, வெளிவட்டுகளுக்கு விரைவாக அகற்றும் கொள்கையை இயல்பாக்கியது. எழுதுவதை நினைவகத்தில் தேக்கிவைக்காத கொள்கை அது. இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட், எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் ஜர்னல் கிடையாது. ஜர்னல் உள்ளவையும் முதன்மையாகக் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான். பாதியில் நின்ற கோப்பு பாதியாகத்தான் இருக்கும்.

மவுன்ட் ஆகியிருக்கும்போதே வட்டைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது? மீண்டும் செருகினால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். பழைய மவுன்ட் இன்னும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதால், திரும்பி வரும் வட்டுக்கு அடுத்த எழுத்துதான் கிடைக்கும். பழைய கோப்புறையைத் திறந்தால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழைதான் வரும். பழைய மவுன்ட்டைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரல்களை ‘ஃப்யூசர்’ கட்டளை கொண்டு கண்டுபிடித்து நிறுத்தி, மவுன்ட்டைக் கழற்றி, கோப்பு முறைமையைச் சோதித்த பிறகே புதிய பெயரில் மவுன்ட் செய்யவேண்டும்.

சுழலும் வன்தட்டுக்கு மவுன்ட்டைக் கழற்றுவதோடு வேலை முடிவதில்லை. சாட்டா வட்டு என்றால், சிஸ் கோப்பு முறைமையில் அந்த வட்டின் ‘டெலீட்’ கோப்பில் 1 என்று எழுதுகிறேன். பெயர் அச்சுறுத்தினாலும் அது தரவைத் தொடுவதில்லை, வட்டைக் கர்னலின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். உடனே பதிவில் இரண்டு வரிகள் வரும்: வட்டின் இடையகத்தில் இருப்பவை எழுதி முடிக்கப்படுகின்றன என்பது ஒன்று, வட்டு நிறுத்தப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது வரியும் வந்து, சுழலும் ஒலி அடங்கிய பிறகுதான் கைப்பிடியை இழுக்கவேண்டும். யுஎஸ்பி பெட்டிகளில் கர்னல் தானாக வட்டை நிறுத்தச் சொல்வதில்லை என்பதால், ‘யூடிஸ்க்ஸ்’ கருவியின் மின்நிறுத்தக் கட்டளையையோ மேசைச்சூழலில் பாதுகாப்பாக அகற்றும் பொத்தானையோ பயன்படுத்தவேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தாலும், தரவைப் படித்து எழுதும் தலைகள் தட்டின்மேல் விழுந்துவிடாதபடி வன்தட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. மின்சாரம் அறுந்த கணத்தில், சுழலும் தட்டில் மிச்சமிருக்கும் வேகத்தையே மின்சாரமாக்கி அது தலைகளைப் பின்னிழுத்துக்கொள்கிறது. ஆனால் அது அவசரத்துக்கான வழி. நிறுத்தக் கட்டளைக்குப் பின் நடக்கும் நிதானமான பின்னிழுப்பைவிடப் பொறிக்குக் கடுமையானது. இத்தகைய அவசரப் பின்னிழுப்புகளைப் பல வன்தட்டுகள், தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 192 என்று எண்ணிட்ட வரியில் எண்ணி வைத்திருக்கின்றன. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் கணக்கு சற்று மாறும். ஆயினும், ஒருவர் பயன்படுத்திய வட்டு என் கைக்கு வரும்போது அந்த எண்ணிக்கையை, 12 என்று எண்ணிட்ட வரியில் உள்ள மின்சுழற்சி எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் அருகருகே இருந்தால், அந்த வட்டைப் பெரும்பாலான முறை சொல்லாமல் பிடுங்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, முக்கியமான தரவு எதையும் அதில் தனியாக வைப்பதில்லை.